மேற்குத் தொடர்ச்சி மலை (திரைப்படம்)

மேற்குத் தொடர்ச்சி மலை, 2018 ஆகஸ்ட் 24-இல் வெளியான தமிழ்த் திரைப்படம். இயக்கம் லெனின் பாரதி. தயாரிப்பு நடிகர் விஜய் சேதுபதி. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர், படத்தொகுப்பு மு. காசிவிஸ்வநாதன், இசை இளையராஜா. தேனி மாவட்டத்து அடிவார ஊர்களிலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறி இறங்கும் சுமைகூலிகளின் அன்றாடம்தான் கதை. வெளிவந்த நாள் முதல் இதைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. மலைமக்களின் வாழ்க்கையை இவ்வளவு அசலாகக் காட்டிய படம் தமிழில் வேறில்லை என்பார் ஒருவர். ஆவணப்படத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டோமே என்பார் மற்றவர். வேடிக்கை என்னவென்றால், இருவரும் சான்றாகக் காட்டுவது ஒரே காட்சிகளைத்தான்.

அந்தக் காட்சிகளுக்கு முன் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் (போடி) இருப்பது அடிவாரத்தில். ஏலக்காய் விளைவதோ மேலே, எல்லைக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்தில். தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டம் 1956 மாநிலச் சீரமைப்பில் கைகூடாமல் போயிற்று. தோட்டம் கேரளத்தில், வேலைக்குப் போகும் ஆள் தமிழகத்தில் என்பது அதோடு உறுதிப்பட்டது. மலையைக் கடக்கும் கணவாய்க்கு இந்தப் பக்கம் மெட்டு என்று பெயர்: போடிமெட்டு, கம்பம்மெட்டு, சாக்கலூத்துமெட்டு. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை உண்டு. விடியுமுன்னே ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு கிளம்பிவிடும். ஏலச்செடியில் காய் பிடிப்பது தூரடியில், தரையோடு கிடக்கும் சரத்தில். அதனால் காய் எடுக்கிற பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோ இருக்க வேண்டும். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காயை ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்த்துகூடத்தில் சூடேற்றி உலர்த்தினால் 1 கிலோ தேறும். அது மூட்டையாகி, ஸ்பைசஸ் போர்டின் போடி மையத்தில் ஏலம் போகும். போடியில் வந்திறங்கும் வெளியூர்க்காரர் முதலில் சொல்வது ஏலக்காய் மணத்தைத்தான். உள்ளூர்க்காரர் மூக்குக்கு அது எட்டுவதே இல்லை.

படத்தின் நாயகன் ரங்கசாமி (ஆண்டனி). இருட்டோடு எழுந்து, டீ குடித்து, மலையேறி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்குகிறான். வழியில் ஆட்கள் எதிர்ப்படுகிறார்கள். ஒருவர் சேதி சொல்லி அனுப்புகிறார், ஒருவர் கேலி பேசுகிறார், இன்னொருவர் கணக்குக் கேட்கிறார். புருஷனைக் கொன்ற யானையைத் திட்டிக்கொண்டே திரியும் கிழவி ஒருத்தி வருகிறாள். நடிப்பவர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்து ஆட்கள். ரங்கசாமிக்கு இருக்கும் ஒரே ஆசை, அடிவாரத்தில் துண்டு நிலம். அதைத் தவிர முதல் பாதியில் ‘அடுத்து என்ன’ என்று கேட்கவைக்கும் முடிச்சு எதுவும் கிடையாது. காலடியும் காற்றும் மழையும் கேட்கின்றன. இளையராஜாவின் இசை பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கிறது.

இந்த வகைக் கதைக்கு உலகெங்கும் ஒரே புகார்தான்: ஒன்றுமே நடக்கவில்லை. ஜப்பானிய அனிமேயில் அன்றாடத்தைச் சொல்வதற்கென்றே தனிக் கிளை இருக்கிறது. கியோட்டோ அனிமேஷன் 2009-இல் தந்த ‘கே-ஆன்!’ தொடரில் பள்ளி மாணவிகள் இசைக்குழு தொடங்குகிறார்கள்; வாசிப்பதைவிட டீ குடித்துக் கேக் தின்பதுதான் அதிகம். 2013-இல் வந்த ‘நோன் நோன் பியோரி’யில் குக்கிராமமும் வயல்வெளியும் அசையாமல் திரையில் நிற்கும். ஒரு சாராருக்கு அது மருந்து, மற்றவர்களுக்குக் கொட்டாவி. நம்மூரில் இந்தச் சண்டைக்கு நிமிடக் கணக்கே இருக்கிறது. சி. பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பர் 27-இல் வந்தது. இரண்டு பேர் ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் படம். நீளம் என்று முணுமுணுப்பு எழ, வெளியான சில நாட்களிலேயே 18 நிமிடம் 42 விநாடி வெட்டப்பட்டது. வெட்டியது போதாது என்றவர்களும் உண்டு, ஏன் வெட்டினார்கள் என்று வருந்தியவர்களும் உண்டு. அந்தப் பேச்சுதானே படம்!

பொறுமை உள்ளவர், இல்லாதவர் என்று பார்வையாளரைப் பிரித்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைக்கிறோம். இந்தப் படத்தைப் பார்ப்பவர்களை அப்படிப் பிரிக்க முடியாது. கிழட்டுச் சுமைகாரர் ஒருவர் இதில் வருகிறார்; ரத்தம் கக்கினாலும் தன் சுமையை வேறு ஆளிடம் கொடுக்கமாட்டார். ரங்கசாமி கையிருப்பை எல்லாம் போட்டு வாங்கிய ஏலக்காய் மூட்டை இறக்கத்தில் நழுவி, வாய் பிளந்து, சரிவெங்கும் சிதறுகிறது. மூட்டையின் விலை தெரியாதவருக்கு அது அழகான ஷாட்: பச்சைக் காய்கள், பாறை, பள்ளத்தாக்கு. தெரிந்தவருக்கு ஒரு நிலம் உருண்டு போகிறது. சுமைகாரர் நடக்கும் நீண்ட நடையும் அப்படித்தான். கழுத்தில் கனம் ஏறிய அனுபவம் உள்ளவர் அடுத்த அடி எங்கே விழும் என்று பார்க்கிறார். மற்றவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நிகழ்ச்சி இல்லாத படம் என்று இதைச் சொல்வது சரியல்ல. நிகழ்ச்சியை அடிக்கோடிட்டுக் காட்டாத படம் என்பதே பொருந்தும்.

இரண்டாம் பாதியில் பார்வையாளருக்குள் இருக்கும் இந்தப் பிளவு இடம் மாறுகிறது. தோட்டத் தொழிலாளர் சங்கம், கம்யூனிஸ்டுத் தோழர் சாக்கோ (அபு வளையாங்குளம்), கொலை, சிறை என்று கதை வேகமெடுக்கிறது. வாங்கிய நிலத்தை உரக்கடன் தின்கிறது. முதல் பாதியில் இளைப்பாறியவர்கள் இங்கே முகம் சுளிக்கிறார்கள். மலைப்பாதைக் கேலியும் கிண்டலும் எங்கே என்று தேடுகிறார்கள். முதல் பாதியில் நெளிந்தவர்களோ இப்போதுதான் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அரசியல் வலிந்து நுழைக்கப்பட்டது என்ற குறையை நான் ஏற்கவில்லை. செங்கொடி இந்த மலையில் பழைய சங்கதி. இதே அடிவாரத்துப் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்டுக் கட்சிக்காகப் பாடியவர். குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு காலை நேரத்துக்கு அத்தனை நேரம் கொடுத்த படம், ஒரு குடும்பம் நிலத்தை இழக்கும் ஆண்டுகளை அவசரமாகக் கடக்கிறது. சாகுபடிச் செலவும் வட்டியும் எப்படி ஏறின என்பதற்கும் அதே நிதானம் வாய்த்திருந்தால் மனைவி ஈஸ்வரி (காயத்ரி கிருஷ்ணா) பாத்திரமும் இன்னும் நிறைந்திருக்கும்.

அனிமேயோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்குகிறது. கே-ஆன் மாணவிகளின் அன்றாடம் ஓய்வு. நாளைக்கும் டீ இருக்கும் என்ற உறுதிதான் அதன் சுகம். ரங்கசாமியின் அன்றாடம் கூலி. அது நாளைக்கு இருக்குமா என்பதற்கு உறுதி இல்லை. படம் முதலில் அந்தச் சுகத்தைக் கொடுத்துப் பழக்கிவிட்டு, பிறகு திரும்ப எடுத்துக்கொள்கிறது. கோபித்துக்கொள்பவர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

கடைசியில் ரங்கசாமி காற்றாலை ஒன்றுக்குக் காவலாளி. அது நிற்பது அவனிடமிருந்து போன நிலத்தில். சீருடையோடு உட்கார்ந்திருக்கிறான். கேமரா மேலே ஏற ஏற அவன் சிறுத்துக்கொண்டே போகிறான். சமவெளி முழுக்க வெள்ளை வெள்ளையாகக் காற்றாடிகள் சுழல்கின்றன.