மூன்றாவது முள்: முட்டை வேக வைக்கும் கருவியும் இந்திய வீட்டு மின்பாதுகாப்பும்

விடுதி அறைகளிலும் தனியர் வாழும் சிறு வீடுகளிலும் இன்று இடம்பிடித்துள்ள எக் பாய்லர் பார்வைக்கு ஒரு விளையாட்டுப் பொருள். ஆயினும் அதன் அடித்தட்டுக்குக் கீழே இரு நூற்றாண்டுகளின் கண்டுபிடிப்புகள் அடுக்கப்பட்டுள்ளன. அக்கருவியைப் பாதுகாப்பாகக் கையாளும் முறைகள் அனைத்தும் அக்கண்டுபிடிப்புகளின் வரலாற்றிலிருந்தே பிறப்பவை. குறிப்புத்தாளில் அச்சிடப்பட்ட எச்சரிக்கைகளை மட்டும் படிப்பவர்க்கு அவற்றின் காரணம் புலப்படுவதில்லை.

முதலாவது ஈருலோகப் பட்டை. 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் தம் மூன்றாவது கடற்கடிகாரத்துக்காக எஃகையும் பித்தளையையும் பிணைத்து இதனை அமைத்தார். வெப்பத்தால் இரண்டும் வெவ்வேறு அளவில் நீள்வதால் பட்டை வளையும். கப்பலின் காலக் கணக்கைத் திருத்தப் பிறந்த அதே வளைவுதான் இன்று அடுக்களையில் மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. இரண்டாவது, 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற நிக்கல்-குரோமியக் கலவை. அதற்கு முன்னிருந்த வெப்பக் கம்பிகள் விரைவில் எரிந்து அறுந்தன; நிக்ரோம் இன்றி மின் அடுக்களை என்பது கண்காட்சிப் பொருளாகவே நின்றிருக்கும்.

கருவியில் கடிகாரமில்லை, நீரே கடிகாரம். தட்டின்மேல் நீர் உள்ளவரை அதன் வெப்பநிலை 100 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். நீர் வற்றியதும் வெப்பம் விரைந்தேற, பட்டை வளைந்து இணைப்பை அறுக்கும். அளவுக் குவளை தரப்படுவது இதற்காகவே. முட்டைகள் மிகுந்தால் நீரைக் குறைக்க வேண்டும் என்பது புதியவர்க்கு முரணாகத் தோன்றும். குளிர்ந்த ஓடுகள் பல இருப்பின் நீராவி அவற்றில் படிந்து நீராகித் தட்டுக்கே திரும்புகிறது. ஆகவே குறைந்த நீரும் நெடுநேரம் நிற்கிறது. உப்பு நீர் புழங்கும் ஊர்களில் தட்டில் வெண்படிவு சேரும். அது வெப்பம் நீரைச் சேர்வதைத் தடுத்து, தட்டை நீர் இருக்கும்போதே மிகைச்சூடாக்கும். கருவி ஆறிய பின் வினிகரிட்டுத் துடைப்பது அதற்கு மருந்து. மலிவான சில கருவிகளில் பட்டை ஆறியதும் இணைப்பு தானே மீண்டும் உயிர்பெறும். வெறுந்தட்டு மறுபடி சூடேறும். எனவே விளக்கு அணைந்ததைக் கண்டு ஓய்ந்துவிடாமல், சுவரின் சுவிட்சையும் அணைத்த பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். அதுவும் ஆவி முகத்தில் படாதபடி மறுபக்கம் சாய்த்து. அடிப்பகுதியை எக்காரணத்தாலும் நீரில் அமிழ்த்தலாகாது.

இதுவரை கருவியின் கதை. இடரின் பெரும்பகுதி சுவருக்குள் இருக்கிறது.

மின்சாரச் சமையலின் தொடக்ககாலப் பரப்புநர்களுள் ஒருவரான ஆர். ஈ. பி. கிராம்ப்டன் 1870களில் பஞ்சாபின் சாலைகளில் நீராவி வண்டி ஓட்டிய படை அதிகாரி. 1899இல் கல்கத்தாவில் மின்வழங்கல் தொடங்கியபோது அது விளக்கையும் விசிறியையும் கருதியே வந்தது. அவற்றுக்கு இரண்டு கம்பிகள் போதும். எர்த் என்று மின்பணியாளர் வழங்கும் புவி இணைப்பு, கையால் தொடும் உலோகமுடைய கருவிகள் வீட்டுக்குள் நுழைந்த பின்னரே இன்றியமையாததாயிற்று. பிரிட்டன் 1934இல் வட்ட முள் செருகிக்குத் தரம் வகுத்தது. 1947இல் உருகியுடன் கூடிய சதுர முள்ளுக்கு மாறத் தொடங்கியது. இந்தியாவோ வட்ட முள்ளையே தக்கவைத்துக்கொண்டது. அதன் மூன்றாம் முள் நீண்டிருப்பது அழகுக்கன்று: செருகும்போது எர்த் முதலில் சேரவும், பிடுங்கும்போது இறுதியில் பிரியவும் அது அவ்வாறு அமைந்தது.

500 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 2.2 ஆம்பியரே இழுக்கும்; 6 ஆம்பியர் பிளக் பாயிண்டுக்கு இது சுமையன்று. இருமுள் மாற்றிகள் பரவியதற்கு இந்த எளிமையே காரணம் எனலாம். கருவி இயங்கும், முட்டை வேகும். உள்ளே காப்பு பழுதாகித் தட்டில் மின்சாரம் ஏறும் நாள்வரை குறை தெரியாது.

1947இல் நிறுவப்பட்ட இந்தியத் தர நிறுவனமும் அதன் வழிவந்த பணியகமும் விதிகளை வகுக்கத் தவறவில்லை. 2003ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணை இஸ்திரிப்பெட்டி, மின்னடுப்பு, நீரில் அமிழ்த்தும் சூடேற்றி ஆகியவற்றுக்கு முத்திரையைக் கட்டாயமாக்கியது. எக் பாய்லரின் பெயர் அதில் இல்லை. 2010ஆம் ஆண்டின் மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறைகள் மின்கசிவுத் துண்டிப்பானைக் கட்டாயமாக்கியபோதும், குறிப்பிட்ட சுமைக்கு மேற்பட்ட இணைப்புகளையே கருதின. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பை அறுத்து உயிர் காக்கும் அத்துண்டிப்பான், ஓரறை வாடகை வீட்டுக்குக் கட்டாயமன்று என்பது அவ்வொழுங்குமுறைகளின் கணக்காயிருந்தது. எக் பாய்லர் மிகுதியும் புழங்குவது அத்தகைய அறைகளில்தான்.

அங்கே சுவரில் மூன்று துளைகள் உண்டு. மூன்றாவதன் பின்னே கம்பி இருப்பதற்கு உறுதியில்லை. டெஸ்டரின் சிறு விளக்கு இதைக் காட்டாது. மின்பணியாளர் வந்து, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே சோதனை விளக்கை இணைத்துப் பார்க்க வேண்டும். அது எரியாவிடில், அந்த அறையில் கருவியைச் செருகுவதற்கு முன் வீட்டு உரிமையாளரிடம் பேசவேண்டியிருக்கிறது.