நொய்யலும் ஆல்ப் மேடும்: இரு பின்னலாடை மாவட்டங்கள்

திருப்பூரில் நிட்டிங் தொழில் செய்பவர்களுக்குக் குரோஸ்-பெக்கர்ட் ஊசி நன்றாகத் தெரியும். அதன் தாய்வீடு தென்மேற்கு ஜெர்மனியின் சோலர்னால்ப் மாவட்டம். அதுவும் பின்னலாடையால் பிழைத்த நாட்டுப்புறப் பகுதிதான்.

இரண்டும் அண்மையில் உருவான மாவட்டங்கள். கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்த வட்டங்களைக் கொண்டு 2009இல் திருப்பூர் மாவட்டம் அமைந்தது. பாலிங்கன், ஹெக்கிங்கன் மாவட்டங்கள் 1973இல் இணைந்து சோலர்னால்ப் ஆயின. பாலிங்கன் முன்பு வூர்ட்டம்பெர்க் அரசின் நிலமாக இருந்தது. ஹெக்கிங்கன் 1850 முதல் பிரஷ்யாவிடம் இருந்தது. பரப்பில் நம் மாவட்டம் ஐந்து மடங்குக்கும் பெரியது.

இரு இடத்திலும் உழவு மட்டும் சோறு போடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் திருப்பூர்ச் சீமையில் வானம் பொய்த்தால் மானாவாரி கருகும், கிணறு வற்றும். சோலர்னால்பின் ஆல்ப் மேட்டில் மழை பெய்யும். சுண்ணாம்புப் பாறை அதை உள்ளே இழுத்துவிடும். மெலிந்த அந்த நிலமும் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துப் பிரித்துத் துண்டானது. அங்கே உழவர்கள் வீட்டிலிருந்தே காலுறை பின்னினார்கள். இங்கே உழவர் குடும்பங்கள் பருத்தி ஜின்னிங் ஆலைக்கும் பிறகு பனியன் கம்பெனிக்கும் வந்தன.

பாதை பிரிந்தது இதற்குப் பிறகுதான். சோலர்னால்பின் ஏபிங்கனில் 1852இல் தொடங்கிய பட்டறை குரோஸ்-பெக்கர்ட் ஊசி நிறுவனமாக வளர்ந்தது. அதே மாவட்டத்து டைல்ஃபிங்கனில் 1905இல் தொடங்கிய மேயர் நிறுவனம் வட்டப் பின்னல் எந்திரத்தால் பெயர் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவான இறக்குமதி வந்ததும் அங்கே ஆடை ஆலைகள் பல மூடின. புர்லாடிங்கனின் டிரிகேமா போன்ற சிலவே நிலைத்தன. ஊசி நிறுவனமோ இன்றும் அங்கேயே தலைமையகம் வைத்து உலகுக்கு விற்கிறது.

அதே காலத்தில் திருப்பூர் ஏற்றுமதியில் எழுந்தது. அதற்கான விலையை நொய்யல் ஆறு கொடுத்தது. அதன் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்த அடிக்குப் பின்தான் கழிவுநீரை வெளியேற்றாத சுத்திகரிப்பு முறை இங்கே வேரூன்றியது.

கூலி குறைந்த ஊரைத் தேடித் தையல் நகர்ந்துகொண்டே இருக்கும். நுட்பம் அவ்வளவு எளிதில் இடம்பெயராது. சாயநீரைச் சுத்திகரிப்பதில் பட்டுத் தேர்ந்த அறிவு திருப்பூருக்கு இருக்கிறது. அதோடு ஊசியும் எந்திரமும் செய்யும் திறனையும் இம்மாவட்டம் இப்போதே வளர்த்தாக வேண்டும். ஆர்டர் வேறு நாட்டுக்குப் போன பிறகு தொடங்கினால் காலம் கடந்திருக்கும்.