துளி மருந்தும் தலையெழுத்தும்

பிறந்த சில நாட்களில் குழவியின் இமைகள் வீங்கும், சீழ் வடியும், கருவிழி புண்ணாகும், பார்வை பறிபோகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், பார்வையற்றோர் பள்ளிகளில் பயின்ற சிறார் பலர் இவ்விதம் ஒளி இழந்தவர்களே. 'ஆண்டவன் சித்தம்' என்பர் அந்நாட்டுப் பழமைவாதிகள். 'முன்வினைப் பயன்' என்பர் நம் நாட்டவர். வினையுமல்ல, விதியுமல்ல, வெட்டை நோய்! பிறக்கும் வேளையில் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றும் நோய்.

1879-இல் ஆல்பர்ட் நெய்சர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். லைப்சிக் நகர மகப்பேறு மருத்துவமனையின் தலைவர் கார்ல் கிரேடே, தடுக்கும் வழி தேடினார். நோயுற்ற தாய்மார் எனத் தெரிந்தவர்களின் குழந்தைகளுக்கு மட்டுமே முதலில் மருந்திட்டார். நோய் நிற்கவில்லை. நோயற்றவள் என்று எண்ணப்பட்ட தாயின் குழந்தைக்கும் கண் வீங்கிற்று! 1880-இல் முறையை மாற்றினார்: பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றின் கண்ணிலும் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் ஒரு துளி. 100 குழந்தைகளுக்கு 10 என்ற அளவில் தாக்கிய நோய், 100-க்கு 1 என்பதற்கும் கீழே இறங்கிற்று.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 'யார் குற்றவாளி' என்று தேடியபோது தோற்ற மருத்துவம், 'எல்லோரும் நம் குழந்தைகள்' என்றபோது வென்றது. மருந்து பின்னாளில் மாறிற்று; பாடம் மாறவில்லை.

நூறாண்டு கழிந்து எச்.ஐ.வி. வந்தது. மீண்டும் பாவம், சாபம், பழி! 1994-இல் வெளியான ஆய்வு, சிடோவுடின் என்னும் மருந்தைத் தாய்க்கும் சேய்க்கும் தந்தால், 100-க்கு 25 ஆக இருந்த தொற்று 8 ஆகக் குறையும் என்று காட்டிற்று. இன்றைய கூட்டு மருந்துகளை முறையாக உட்கொண்டால், அது 2-க்கும் கீழே செல்லும். கருவுற்ற பெண்களைப் பரிசோதித்து, உரிய காலத்தில் மருந்தளித்த கியூபா, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் மேகநோயும் பரவுவதை ஒழித்த முதல் நாடு என 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. 2019-இல் அண்டை நாடான இலங்கையும் அச்சான்றைப் பெற்றது.

கணவன் கொணர்ந்த நோய்க்கும் மனைவியையே ஏசும் சமுதாயம் நம்முடையது. ஏச்சுக்கு அஞ்சும் பெண் பரிசோதனைக்கு வாராள். அவள் வாராவிடில் மருந்து சேயைச் சேராது. ஆகவே, கிருமியை ஒழிக்கப் புறப்படுவோர் முதலில் ஒழிக்க வேண்டியது அந்த ஏச்சை! தாயைத் தூற்றும் நாவு அடங்கட்டும். சேயின் தலையெழுத்தை மருந்து மாற்றி எழுதும்.