மலைநாட்டுப் பனியும் மோட்டார் வண்டியும்

வரலாறு என்றால் மன்னரும் போரும் மட்டுமே என்று எண்ணிய காலம் கழிந்துவிட்டது. உழவும் உப்பும், பாதையும் பாலமும் வரலாற்றுப் பொருள்களே என்பதை இன்று யாவரும் ஒப்புவர். ஆயினும், மலைச்சாரலில் உள்ள ஒரு தோட்டத்திலே, விடியற்காலை ஐந்து மணிக்கு, குளிரில் விறைத்து நின்ற ஒரு லொறி எவ்வாறு இயக்கப்பட்டது? அதன் முகக்கண்ணாடியில் படிந்த பனி எவ்வாறு நீக்கப்பட்டது? அதனைச் செய்தவர் யார்? இவ்வினாக்களை நாம் அரிதாகவே எழுப்பியுள்ளோம். டிக்கோயாவை நடுவாகக் கொண்டு அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தபோது முன்பனி, பின்பனி என இரண்டைப் பனிக்கே ஒதுக்கினர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. எனினும், பனி என்னும் அவ்வொரு சொல் மூன்று வேறு பொருள்களைக் குறித்து நிற்கின்றது. புல்நுனியில் நீர்த்துளியாய்த் தங்குவதும் பனி. பள்ளத்தாக்கை மூடி வழியை மறைப்பதும் பனி. நீர் உறைந்து வெண்பொடியாய்ப் படிவதும் பனி. வண்டியோட்டுபவனுக்கோ இம்மூன்றும் மூன்று வெவ்வேறு பகைகள். ஆதலின் இக்கட்டுரையில் அவற்றை முறையே பனித்துளி, மூடுபனி, உறைபனி என வேறுபடுத்தி வழங்குவோம்.

டிக்கோயா, ஹற்றன் நகருக்கு அண்மையில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் அமைந்த தேயிலைப் பிரதேசம். நுவரெலியா இன்னும் உயர்ந்து 6,000 அடியைக் கடந்து நிற்பது. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் டிக்கோயாவில் மழை ஓயாது. தை, மாசி மாதங்களிலோ வானம் தெளிந்து, இரவுகள் மேகமின்றி விளங்கும். அந்தத் தெளிவே குளிருக்குக் காரணம். பகலில் நிலம் பெற்ற வெப்பம், போர்வைபோல் தடுக்க மேகமின்மையால், இரவெல்லாம் வானை நோக்கி வெளியேறிவிடுகின்றது. குளிர்ந்த காற்று கனமுடையது. அது சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகின்றது. எனவேதான் மலையுச்சியைவிடப் பள்ளத்திலுள்ள தேயிலை முதலிற் கருகுகின்றது. நுவரெலியாப் பகுதியிலும் உறைபனி சில இரவுகளில் மட்டுமே விழும். டிக்கோயாவில் அதனினும் அரிது. ஆனால் பனித்துளியும் மூடுபனியும் அங்கு வழக்கமானவை. 1965இல் கட்டி முடிக்கப்பட்ட காசல்ரீ நீர்த்தேக்கம் இதற்குத் துணைசெய்கின்றது. குளிர்ந்த காற்று, தன்னினும் வெம்மையான நீர்ப்பரப்பின்மேல் தங்கும்போது, அதிகாலையில் நீரிலிருந்து ஆவி புகைபோல் எழுந்து பரவும்.

இம்மலைகளிற் குளிரோடு போராடிய முதல் ஊர்தி மோட்டார் வண்டியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இங்கே காடழித்துக் கோப்பி பயிரிடப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாய் வந்த தொழிலாளரின் தலையிலும் மாட்டு வண்டியிலுமே பொருள்கள் ஏறின. 1869இல் கோப்பியை இலைநோய் பற்றியது. பின்னர் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1884இல் புகையிரதம் ஹற்றனை அடைந்தது. நீராவி எஞ்சினுக்குக் குளிர்த் தொடக்கம் என்பது நாள்தோறும் நேரும் செயல். அணைந்த கொதிகலனில் மீண்டும் ஆவியெழுப்பப் பல மணி நேரமாகும். ஆகவே பயணிகள் உறங்கும் வேளையிலேயே தீயிடுவோன் எழவேண்டும். ஊர்தி புறப்படுமுன் ஒருவன் குளிரில் எழுந்து உழைத்தாக வேண்டும் என்னும் நியதி இவ்வாறு ரயிலோடு மலைக்கு வந்தது. பின்வந்த மோட்டார் வண்டி அந்நியதியை மாற்றவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு மோட்டார் வண்டி வந்தது. அக்கால வண்டிகளை இயக்க, முன்புறத்தில் இரும்புக் கைபிடியொன்றைச் செருகிச் சுழற்ற வேண்டும். எரிவாயு முறை தவறி வெடித்தால் கைபிடி பின்னோக்கி உதைத்து மணிக்கட்டெலும்பை முறிக்கும். இத்தகைய முறிவுக்கு வைத்திய நூல்கள் ‘சாரதி முறிவு’ என்றே பெயரிட்டன என்றால் அதன் பெருக்கத்தை உணரலாம். பெருவிரலைக் கைபிடியைச் சுற்றி வளைக்காது மற்றை விரல்களின் பக்கமே வைத்து, கீழ்நோக்கி அழுத்தாது மேல்நோக்கி இழுப்பதே தற்காப்பு. சார்ல்ஸ் கெற்றரிங் ஆக்கிய மின்தொடக்கி 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டிகளிற் பொருத்தப்பட்டது. ஆயினும் கைபிடி உடனே மறைந்துவிடவில்லை. பற்றரி தளர்ந்தபோதெல்லாம் அதுவே துணையாயிற்று.

குளிரில் எஞ்சின் ஏன் இயங்க மறுக்கின்றது? காரணங்கள் மூன்று. முதலாவது, எண்ணெய். குளிர்ந்த எண்ணெய் தடித்து, சுழலும் உறுப்புகளைப் பற்றிக்கொள்கின்றது. இரண்டாவது, பற்றரி. அதனுள் நிகழும் இரசாயன மாற்றம் குளிரில் மந்தமடைய, மிகுந்த விசை வேண்டிய வேளையிலேயே அது குறைந்த விசையைத் தருகின்றது. மூன்றாவது, எரிபொருள். பெற்றோல் ஆவியானாலன்றிப் பற்றாது. குளிர்ந்த குழாயில் அது துளியாகவே நின்றுவிடும். ஆகவே காற்றைக் குறைத்துப் பெற்றோலை மிகுவிக்கும் ‘சோக்’ என்னும் அடைப்பு வைக்கப்பட்டது. டீசல் எஞ்சினுக்கோ தீப்பொறியே இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைக் கொளுத்த வேண்டும்; குளிர்ந்த உலோகச் சுவர் அவ்வெப்பத்தை உறிஞ்சிவிடுகின்றது. இதனை ஈடுசெய்யவே பல டீசல் எஞ்சின்களில் மின்னாற் பழுக்கும் முளைகள் பொருத்தப்பட்டன.

வண்டியோடு வந்த கையேடுகள் ஐரோப்பியக் குளிரை மனத்திற் கொண்டவை. அங்கே குளிர்காலம் மாதக்கணக்கில் நீள்வது. உறையும் நீர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிந்து எஞ்சினின் இரும்பையே பிளக்குமாதலால், உறைவுதடுக்கும் கிளைக்கோல் திரவம் பரவுமுன், இரவில் நீரை வடித்துவிடுவது அந்நாட்டார் வழக்கம். மலைநாட்டுக் குளிர் வேறு வகையினது. நள்ளிரவிற் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடியும் சில மணி நேரக் குளிர் அது. உறைவைவிட ஈரமே அதில் மிகுதி. ஒன்பது மணிக்குச் சட்டையைக் கழற்ற வைக்கும் அதே நாள், ஐந்து மணிக்குப் பல்லை நடுங்க வைக்கும். எனவே கையேட்டின் அறிவு அப்படியே இங்கு பயன்படவில்லை. இம்மலைக்கு வேண்டிய அறிவைச் சாரதிகளும் கிளீனர்களுமே அனுபவத்தாற் கண்டனர்.

அவர்கள் கண்ட வழிகளுள் முதன்மையானது சரிவு. மாலையில் வண்டியை இறக்கம் நோக்கி நிறுத்திச் சில்லுக்குக் கல்லடை கொடுத்துவிடுவர். காலையிற் கல்லை எடுத்து, கியரிலிட்டு, கிளச்சை மிதித்து உருளவிட்டு, வேகம் வந்ததும் மிதியை விட்டால் மலையின் சரிவே எஞ்சினைச் சுழற்றிவிடும். சமவெளிச் சாரதிக்கு நாலுபேர் தள்ளவேண்டிய வண்டியை இங்கே பூமியே தள்ளியது. இரண்டாவது வழி வெந்நீர். பழைய வண்டிகளின் றேடியேற்றரில் காலையில் வெந்நீர் ஊற்றி எஞ்சினைச் சூடாக்குவர். மூன்றாவது, பற்றரியைக் கழற்றி இரவில் அறைக்குள் வைத்தல். எஞ்சினடியில் நெருப்பு மூட்டும் ஆபத்தான பழக்கமும் குளிர்நாடுகளில் உண்டு. எண்ணெய்க் கசிவுள்ள வண்டியில் அது உயிருக்கே உலை. இவ்வழிகளை எல்லாம் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஒவ்வொன்றும் ஒரு மனிதன் தன் உறக்கத்தில் ஒரு மணி நேரத்தை இழப்பதால் நிகழ்வது. பீலியில் நீர் பிடித்து, லயத்து அடுப்பிற் காய்ச்சி, வாளியில் சுமந்து வந்தவனின் பெயர் எந்தத் தோட்டக் கணக்கேட்டில் ஏறியது?

இனி முகக்கண்ணாடியை நோக்குவோம். தொடக்ககால வண்டிகள் பலவற்றில் அது இருக்கவேயில்லை. அமெரிக்கப் பெண்மணியான மேரி அன்டர்சன் 1903இல் கண்ணாடி துடைப்பானுக்கு உரிமம் பெற்றார். வண்டிக்குள்ளிருந்து கையால் அசைப்பது அது. ஆயினும் துடைப்பான் மழையைத் துடைக்குமேயன்றி உறைபனியைச் சுரண்டாது. உட்புற ஈரத்தையும் தொடாது. வெட்டவெளியில் நின்ற வண்டியின் கண்ணாடி வானை நோக்கி வெப்பத்தை இழப்பதால், சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். காற்று உறைநிலைக்கு இரண்டொரு பாகை மேலிருக்கும்போதும் கண்ணாடியில் வெண்படலம் தோன்றுவது இதனாலேயே. மரத்தடியிலோ கொட்டகையிலோ நின்ற வண்டியிலும், இரவில் சாக்கு விரித்து மூடிய கண்ணாடியிலும் அது படிவதில்லை. ஒரு பழஞ்சாக்கு செய்யும் பணியைப் பொறியியலாற் செய்வதற்குப் பெருஞ்செலவாகும் என்பதை மாணவர் நினைவிற் கொள்க. உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றலாகாது. வெப்பம் சமமாய்ப் பரவாமையால் அது வெடித்துவிடும். றேடியேற்றருக்கு உதவிய வாளி கண்ணாடிக்குப் பகையாவது இவ்விடத்திலேதான்.

உட்புற ஈரம் மற்றொரு தொல்லை. நெருங்கி அமர்ந்தோரின் மூச்சு குளிர்ந்த கண்ணாடியிற் பட்டு மங்கலாகும். எஞ்சினின் வெப்பத்தைக் கண்ணாடிக்குச் செலுத்தும் சாதனம் குளிர்நாடுகளில் 1930களிலிருந்தே பரவியது. வெப்பநாடுகளுக்கென விற்கப்பட்ட லொறிகளிலும் பஸ்களிலும் அது பெரும்பாலும் வைக்கப்படவில்லை. ஆதலால் நம் சாரதிகள் புகையிலையைக் கையிற் கசக்கிக் கண்ணாடியிற் தேய்த்தனர், சவர்க்காரத்தையும் தேய்த்தனர். இதனை மூடநம்பிக்கை என்று நகைத்தல் தவறு. பூசிய படலம் நீரைத் துளித்துளியாய் நிற்கவிடாது மெல்லிய தாளாகப் பரவச் செய்கின்றது. துளி ஒளியைச் சிதறடிக்கும், தாள் ஊடுருவவிடும். ஆய்வுகூடம் அறியாத ஒருவன் இயற்கையின் விதியொன்றைத் தன் தொழிலின் தேவையாற் கண்டடைந்தான் என்பதே இதன் பொருள்.

இத்திறன் வெறும் வசதிக்குரியதன்று; உயிர் சார்ந்தது. மார்கழிப் பூரணையிலிருந்து வைகாசிப் பூரணை வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். ஹற்றனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியே நல்லதண்ணிக்கு வண்டிகள் இரவெல்லாம் செல்லும். பனிக்காலமும் யாத்திரைக் காலமும் ஒன்றாய் அமைந்ததால், ஆண்டின் மிகுந்த போக்குவரத்து, மிகுந்த குளிரிலும் மங்கிய கண்ணாடியிலும் நிகழ்கின்றது. ஒரு புறம் மலை, மறுபுறம் பள்ளம், இடையில் வளைவு. முழுக் கண்ணாடியையும் துடைக்காது, முகமளவு துளைமட்டும் துடைத்துப் புறப்படும் சாரதி, தன்னை மட்டுமன்றித் தன்னை நம்பி உறங்கும் ஐம்பது பேரையும் அத்துளையின் அளவிற்குள் அடக்கிவிடுகின்றான். மூடுபனியில் விளக்கை உயர்த்தினால் ஒளி திரும்பிக் கண்ணைக் கூசும், தாழ்த்துவதே முறை.

யாத்திரிகரினும் நோயாளியின் நிலை கொடிது. தோட்டங்களில் நோயாளியைச் சுமந்தவை நெடுங்காலம் கொழுந்து லொறிகளே. பிரசவ வேதனை விடியும்வரை காத்திராது. அவ்வேளை எஞ்சின் இயங்குமா என்பது இரண்டு உயிர்களின் வினா. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய உதவியுடன் அமைந்த புதிய வைத்தியசாலைக் கட்டடம் டிக்கோயாவில் இந்தியப் பிரதமரால் திறந்துவைக்கப்பட்டது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 அவசர நோயாளர் வண்டிச் சேவையும் பின்னர் நாடெங்கும் பரவியது. இவை பெரும் நன்மைகள். எனினும், வைத்தியசாலைக்கும் லயத்துக்கும் இடையே அதே வளைவுகளும் அதே பனியும் இன்றும் உள்ளன.

இவ்வறிவு டிக்கோயாவோடு நின்றதன்று. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே மலையகத் தமிழர் பெருந்தொகையினர் இந்தியா சென்றனர். அவர்களிற் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர். அங்கே உதகமண்டலத்தின் பள்ளங்களில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி வழக்கமாகவே விழும். பிறந்த மண்ணை விட்டு ஏகியவர்கள் கையிற் கொண்டுசென்ற பொருள் சிறிது. கைப்பழக்கத்தில் கொண்டுசென்ற அறிவு எவ்வளவு என்பதை எவரும் அளந்தாரில்லை.

இன்று நிலை மாறியுள்ளது. 1977இன் பின் இறக்குமதி தளர்ந்தபோது ஜப்பானிய வான்கள் பெருகின. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் எஞ்சின்கள் குளிரைத் தாமே உணர்ந்து கலவையைச் சீர்செய்கின்றன. ஆயினும் கைநெம்புகோலை இழுத்து இயக்கும் பழைய முச்சக்கர வண்டியைப் பனியில் ஒருவன் பன்முறை இழுக்கும்போது, நூறாண்டுக்கு முந்திய கைபிடியே மீண்டும் நம் கண்முன் தோன்றுகின்றது. இயந்திரம் மாறினாலும், அதிகாலையில் முதலில் எழுபவன் மாறவில்லை.

தோட்டத்து வரலாற்றை எழுதியோர் ஏக்கரையும் இறாத்தலையும் எண்ணினர். துரைமாரின் முதல் மோட்டார் வண்டிகளைப் பெருமையுடன் குறித்தனர். அவ்வண்டிகளைக் குளிரில் எழுப்பியவனைக் குறிக்கவில்லை. அவனோ எழுதும் பழக்கமற்றவன். அவன் அறிவு கையிலிருந்து கைக்கு மாறியதன்றி ஏட்டில் ஏறவில்லை. கைபிடி சுழற்றிய கைகள் இப்போது முதுமையால் நடுங்குகின்றன. நம் கல்லூரி மாணவருள் மலைநாட்டிலிருந்து வந்தோர் சிலரேனும் விடுமுறைக்கு வீடு செல்லும்போது, ஒரு பழைய சாரதியின் அருகே அமர்ந்து, “தாத்தா, அந்தக் காலத்தில் வண்டியை எப்படிக் கிளப்பினீர்கள்?” என்று கேட்டு, அவர் கூறுவதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளட்டும். அதற்கு நூலகமும் வேண்டா, பட்டமும் வேண்டா. ஒரு கொப்பியும் சிறிது பொறுமையும் போதும். அவ்வேடுகள் சேரும்போதுதான் மலைநாட்டுப் போக்குவரத்தின் வரலாறு முழுமை பெறும்.