பனியில் எரிந்த சாராயம்

பனிப்பாலையில் சிக்கிய மனிதன் முதலில் எதனால் வாடுவான் என்று கேட்டால், குளிரால் என்போம்; அடுத்துப் பசியால் என்போம். துருவப் பயணிகள் எழுதிவைத்த குறிப்புகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒரு விடை கிடைக்கும். தாகம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை உறைந்த நீர் கிடக்கும். குடிக்க ஒரு மிடறு கிடைக்காது. பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டால் அது உடலின் சூட்டைத் திருடிக்கொண்டு வாயையும் புண்ணாக்கும். ஆகவே அங்கே நெருப்பு இருந்தால்தான் நீர் உண்டு. கூடாரத்துக்குள் ஓர் அடுப்பு, அதற்கு ஊற்ற ஒரு புட்டி எரிபொருள்: இவை தீர்ந்த நாளில், மூட்டையில் உணவு மிச்சமிருந்தாலும் பயணம் முடிந்தது என்று பொருள்.

சிறு கணக்கு ஒன்று இதை விளக்கும். பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை குளிர்ந்த ஒரு கிலோ பனியை நீராக்குவதற்கு ஏறக்குறைய 400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுசெல்ல மேலும் 420 கிலோஜூல். அதாவது, நாம் வீட்டில் குழாயைத் திறந்து தேநீர்ப் பாத்திரத்தை நிரப்பும் இடத்துக்கு வந்து சேர்வதற்குள்ளாகவே துருவப் பயணி தன் எரிபொருளில் பாதியைச் செலவழித்திருப்பான்.

அந்த எரிபொருள் எது என்பதில்தான் ஒரு நூற்றாண்டுக் காலக் கதை அடங்கியிருக்கிறது. கதையின் தொடக்கத்தில் இருப்பது எரிசாராயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் சாராயத்தை அடுப்பில் எரிப்பது செல்வர்களின் ஆடம்பரம். குடிக்கும் சாராயத்துக்கு உரிய தீர்வையை எரிக்கும் சாராயத்துக்கும் கட்ட வேண்டியிருந்ததே காரணம். 1855இல் அங்கே புதுச் சட்டம் வந்தது. ஒன்பது பங்கு சாராயத்தோடு, மரத்தை வாலை வடித்தெடுத்த நாப்தாவை ஒரு பங்கு சேர்த்துக் குடிக்க முடியாததாக்கிவிட்டால் தீர்வை இல்லை. இந்த நாப்தாவில் இருப்பது மெத்தில் ஆல்கஹால். மெத்திலேட்டட் ஸ்பிரிட் என்ற பெயர் அப்படித்தான் பிறந்தது. (அதே மெத்தனால்தான் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. அடுப்புக்கு உரியதையும் குடிப்பவன் இருப்பான் என்பதை எந்தச் சட்டமும் முழுமையாக எண்ணிப் பார்த்ததில்லை.) தீர்வை நீங்கியதும் சாராய அடுப்பு மலையேறிகளின் முதுகிலும் படகோட்டிகளின் பெட்டியிலும் இடம்பிடித்துக்கொண்டது.

1888இல் நார்வேயைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஃபிரித்யோஃப் நான்சென், கிரீன்லாந்தின் உள்நாட்டுப் பனிப்பரப்பைப் பனிச்சறுக்குக் கட்டைகளில் குறுக்காகக் கடக்கப் புறப்பட்டார். அதுவரை எவரும் கடந்ததில்லை. உடன் சென்றவர் ஐவர். அவர்களில் பால்ட்டோ, ராவ்னா ஆகிய இருவரும் சாமி என்னும் வடபுலப் பழங்குடியினர் (நம் ஊர்ச் சாமிக்கும் இந்தப் பெயருக்கும் உறவில்லை). மக்கள் வாழாத கிழக்குக் கரையில் இறங்கி, குடியிருப்புகள் உள்ள மேற்குக் கரையை நோக்கி நடப்பது நான்சென்னின் திட்டம். திரும்பிப் போனால் பிழைக்க வழியில்லை என்பதால் முன்னேறியே தீர வேண்டும் என்ற கணக்கு அது. ஆகஸ்ட் 15 அன்று ஏறத் தொடங்கி, 2,700 மீட்டர் உயரத்தைத் தொட்டு, செப்டம்பர் இறுதியில் மறு கரையை அடைந்தனர். சில இரவுகளில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையையும் தாண்டியது.

அவர்கள் கொண்டுசென்ற அடுப்பு சாராய அடுப்பு. நான்சென் அதைத் தேர்ந்ததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அக்காலத்துத் திரியிட்ட மண்ணெண்ணெய் அடுப்பு கூடாரம் முழுவதையும் கரியாக்கும். சாராயமோ புகையின்றி எரியும். பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்காது. கெட்டுப்போக அதில் உறுப்பே இல்லை. குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை. ஒரு கிலோ சாராயம் எரிந்தால் கிடைக்கும் வெப்பம், ஒரு கிலோ மண்ணெண்ணெய் தருவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. சறுக்குவண்டியைத் தம் உடலால் இழுத்துச் செல்பவர்களுக்கு இது வெறும் எண்ணன்று. தோளில் அழுந்தும் வார். ஆகவே காலையிலும் மாலையிலும் மட்டும் அடுப்பு எரிந்தது. இடைப்பட்ட நேரத்துத் தாகத்துக்கு ஒரு வழி கண்டார்கள். தட்டையான தகரக் குப்பியில் பனியை அடைத்துச் சட்டைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பார்கள். உடற்சூட்டில் மெல்ல உருகிய சில மிடறுகளே பகல்நேரத்து நீர். எரிபொருளை மிச்சம்பிடிக்கத் தன் உடலையே அடுப்பாக்கிக்கொள்வது என்று இதைச் சொல்லலாம்.

நான்சென் கிரீன்லாந்திலிருந்து திரும்பிய சில ஆண்டுகளில் ஸ்வீடனில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் என்பவர் உருவாக்கிய திரியில்லாத மண்ணெண்ணெய் அடுப்பு 1892 முதல் பிரைமஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இதை நம் வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. எரிவாயு உருளை வருவதற்கு முன் நம் வீடுகளில் பேரிரைச்சலோடு எரிந்த பம்ப் ஸ்டவ் அதன் வழித்தோன்றலே. காற்றடித்த அழுத்தத்தில் மண்ணெண்ணெய் மேலேறி, சூடான குழாயில் ஆவியாகி, நீலச் சுடராக எரியும். கரி இல்லை, வெப்பம் மிகுதி. ஆனால் குழாய் முதலில் சூடாக வேண்டும் அல்லவா? அதற்காகக் கழுத்தைச் சுற்றியுள்ள சிறு கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்துவோம். அடுப்பின் அரசனாக இருந்த சாராயம், புது அரசனைத் துயிலெழுப்பும் பணியாளாகிவிட்டது.

1895 மார்ச்சில் நான்சென் தம் ஃபிராம் கப்பலை விட்டிறங்கி யோஹான்சென் என்ற ஒற்றைத் துணையோடு வடதுருவம் நோக்கி நடந்தபோது எடுத்துச் சென்றது பிரைமஸைத்தான். பாத்திரத்தைச் சுற்றி உறையிட்டு, வெளியேறும் வெப்பம் மேலே வைத்த பனித்தட்டையும் உருக்கும்படி அவர் அமைத்த சமையற்கலம் நான்சென் குக்கர் என்றே பின்னர் பெயர்பெற்றது. ஏறத்தாழ 20 லிட்டர் மண்ணெண்ணெய் அவ்விருவருக்கும் 120 நாட்கள் போதுமானதாயிருந்ததாக அவர் எழுதுகிறார்: நாளுக்கு இரண்டு வேளைச் சூடான உணவு, குடிக்கத் தாராளமாக நீர். மார்பில் குப்பி சுமந்த மனிதர் இதை எழுதும்போது அடைந்த நிறைவை நம்மால் உணர முடிகிறது.

இத்தோடு சாராய அடுப்பின் காலம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அமெரிக்கரான ராபர்ட் பியரி தம் பயணங்களில் அதைக் கைவிடவில்லை. தாம் திருத்தியமைத்த சாராய அடுப்பு, பனியை உருக்கித் தேநீர் வைக்கும் நேரத்தை வெகுவாகக் குறைத்ததாக அவர் பெருமையோடு குறிப்பிடுகிறார். 1909ஆம் ஆண்டுப் பயணத்தில் ஓர் ஆளின் ஒரு நாள் பங்காக அவர் வகுத்தது இது: பெம்மிக்கன் என்னும் கொழுப்பு கலந்த உலர்இறைச்சி சுமார் 450 கிராம், கப்பல் பிஸ்கட் அதே அளவு, கெட்டிப்பால் 113 கிராம், அழுத்திக் கட்டியாக்கிய தேயிலை 14 கிராம். இவற்றோடு எரிபொருள், சாராயமோ மண்ணெண்ணெயோ, 170 கிராம். உணவுப் பட்டியலிலேயே எரிபொருளையும் சேர்த்து எழுதியிருப்பதைக் கவனியுங்கள். தேநீர் குடிக்கத்தக்க நீராவதற்கு அதுவும் ஒரு சமையற்பொருள்தான்.

சாராய அடுப்பின் ஒரு விசித்திரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். எரியும் திரவத்தின் ஆவியே தீப்பற்றுகிறது. கடுங்குளிரில் சாராயம் போதிய ஆவியை விடாது. எரியும் தீக்குச்சியை அதில் நுழைத்தால் தண்ணீரில் நனைத்ததுபோல் அணைந்துபோகும். கொளுத்திய தாள்துண்டை உள்ளே போட்டோ, புட்டியை உடலோடு வைத்துச் சூடேற்றியோதான் தொடங்க வேண்டும். பற்றிக்கொண்ட பிறகு இரைச்சல் இல்லை, பம்ப் இல்லை, அடைத்துக்கொள்ளும் துளைக்கு ஊசி தேட வேண்டியதும் இல்லை. ஸ்வீடனின் டிராங்ஸ்விக்கென் என்ற சிற்றூரைச் சேர்ந்த டிராங்கியா நிறுவனம் 1951இல் காற்றுத்தடுப்போடு கூடிய சாராய அடுப்பை வெளியிட்டது. இன்றும் மலைநடைப் பயணிகள் அதை விரும்பி எடுத்துச் செல்வது இந்த எளிமைக்காகத்தான்.

பியரிக்குத் திரும்புவோம். 1909 மார்ச் முதல் வாரத்தில் பனிக்கடல் பிளந்து அகன்றதொரு நீர்வெளி குறுக்கிட்டது. கடக்க வழியின்றி அவர் ஒரு வாரம் காத்துக்கிடந்தார். அதைவிடப் பெரிய கவலை பின்னால் இருந்தது. கரடுமுரடான பனியில் வண்டிகள் மோதியதில் சாராயத் தகரங்களும் எண்ணெய்த் தகரங்களும் ஒழுகியிருந்தன. மாற்று எரிபொருளோடு வரவேண்டிய ராஸ் மார்வினையும் ஜார்ஜ் போரப்பையும் காணவில்லை. வண்டிகளை ஒவ்வொன்றாக உடைத்து எரித்தால் எத்தனை நாள் தேநீர் வைக்கலாம் என்றுகூட அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். அந்த வண்டிகளையும் முகாம் சாமான்களையும் தம் கையால் செய்தவர் மாத்யூ ஹென்சன் என்ற கறுப்பின அமெரிக்கர் என்று உடன்சென்ற மக்மில்லன் பின்னாளில் பதிவுசெய்தார். எரிவதற்காகவா அவர் அவற்றை இழைத்துக் கட்டினார்! மார்ச் 11 அன்று நீர்ப்பிளவு மூடிக்கொள்ள, பியரி முன்னேறினார். 14ஆம் தேதி மார்வினும் போரப்பும் எரிபொருளோடு வந்து சேர்ந்தனர். பியரி உண்மையில் துருவத்தைத் தொட்டாரா என்ற வழக்கு இன்றுவரை ஓயவில்லை; அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தத் தகரங்கள் வந்திராவிட்டால் அப்படியொரு வழக்கே எழுந்திராது. அவற்றைக் கொண்டுவந்த மார்வின் அந்தப் பயணத்திலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

ஒழுகும் தகரம் என்றதும் தென்துருவத்தை நினைக்காமலிருக்க முடியாது. 1911 டிசம்பர் 14 அன்று அங்கே சென்றடைந்த அமுண்ட்சென், தம் எண்ணெய்த் தகரங்களை ஈயம்வைத்து இறுகப் பற்றவைக்கும் வழக்கத்தைக் கடைப்பிடித்தார். திரும்பும் வழியில் பெட்டி என்ற குன்றின் கற்குவியலில் அவர் விட்டுச்சென்ற எண்ணெய்த் தகரத்தை, 1929 டிசம்பரில் அமெரிக்க நிலவியலாளர் லாரன்ஸ் கோல்டின் குழு கண்டெடுத்தது. எண்ணெய் அப்படியே இருந்தது.

ராபர்ட் ஸ்காட்டின் தகரங்களுக்கு மூடிக்கடியில் தோல்வளையம். குளிரில் தோல் விறைத்துச் சுருங்கியது. எளிதில் கண்ணில்படவேண்டுமென்று பனிக்குவியலின் உச்சியில் வைத்த தகரங்களை வெயில் சுட்டது. எண்ணெய் ஆவியாகிக் கசிந்தது. 1912 ஜனவரி 17 அன்று துருவத்தில் அமுண்ட்சென்னின் கொடியைக் கண்டு மனமுடைந்து திரும்பிய ஐவரில் எவன்ஸ் பிப்ரவரியில் இறந்தார். மற்ற நால்வரும் பிப்ரவரி இறுதியிலிருந்து சென்றடைந்த சேமிப்பிடங்களில் உணவு இருந்தது, எண்ணெய் குறைந்திருந்தது. எண்ணெய் குறைந்தால் சூடான உணவு குறையும், நீர் குறையும், நனைந்த காலுறைகள் உலரா. இத்தனைக்கும் மேலாக அவ்வாண்டு மார்ச்சின் குளிர் அப்பகுதிக்கே வழக்கத்தை மீறியது என்பதை சூசன் சாலமன் 2001இல் வெளியிட்ட தம் நூலில் வானிலைப் பதிவுகளைக் கொண்டு காட்டியிருக்கிறார். ஆகவே எண்ணெய் முழுமையாக இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல நான் துணியமாட்டேன். தோல்வளையத்தின்மேல் எல்லாப் பழியையும் சுமத்துவது எளிது, அவ்வளவுதான்.

மார்ச் நடுவில், இனித் தம்மால் மற்றவர்களுக்குச் சுமை வேண்டாமென்று ஓட்ஸ் பனிப்புயலுக்குள் நடந்து மறைந்தார். மார்ச் 18ஆம் நாள் குறிப்பில், பிரைமஸில் மிஞ்சியிருப்பது அரைகுறை நிரப்பு எண்ணெயும் மிகச் சிறிதளவு ஸ்பிரிட்டும், தாகத்துக்கும் தமக்கும் நடுவே நிற்பது அவை மட்டுமே என்ற பொருள்பட ஸ்காட் எழுதுகிறார். பசியென்று எழுதவில்லை, குளிரென்றும் எழுதவில்லை. அடுத்த சேமிப்பிடத்துக்கு 11 மைல், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் இருக்கையில் புயல் அவர்களைக் கூடாரத்துக்குள் முடக்கியது. வில்சனும் போவர்ஸும் எரிபொருள் கொண்டுவரப் புறப்பட எண்ணினர். புயல் விடவில்லை. கடைசிக் குறிப்பு மார்ச் 29க்கு உரியது.

நவம்பர் 12 அன்று தேடிவந்த குழுவினர் கூடாரத்தைக் கண்டனர். தலைமை தாங்கியவர் மருத்துவர் அட்கின்சன்; அந்தக் குழுவில் இருந்த செர்ரி-கேரார்ட் தாம் பார்த்ததைப் பின்னர் எழுதினார். நடுவில் ஸ்காட், இருபுறமும் வில்சனும் போவர்ஸும். ஸ்காட்டுக்கு அருகில் ஒரு விளக்கு இருந்தது. வெறும் தகரக் குவளை ஒன்று. பனிக்காலணியிலிருந்து எடுத்த நாடா அதற்குத் திரி. பிரைமஸைச் சூடாக்குவதற்கென்று கொண்டுவந்த ஸ்பிரிட்டில் எஞ்சிய கொஞ்சத்தை அதில் எரித்திருக்கிறார்கள். கடைசிவரை எழுதுவதற்கு அந்தச் சுடரையே ஸ்காட் துணைக்கொண்டிருக்க வேண்டும் என்பது செர்ரி-கேரார்டின் கருத்து. உடல்களை அசைக்காமல், கூடாரத்தின் கழிகளை மட்டும் உருவி அதை அவர்கள்மேல் சரித்துவிட்டு, பனியால் மேடெழுப்பி, சறுக்குக் கட்டைகளால் சிலுவை நட்டுவிட்டு அந்தக் குழு நகர்ந்தது.