தொலைபேசி அட்டையும் இ-சிம்மும்

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில், வடகிழக்கு மூலையிலுள்ள ரூஜ் வட்டாரத்தில், ரூஜ் ஆற்றை ஒட்டிய தெருக்களில் இன்று வாழும் தமிழர்களில் பலர் தொண்ணூறுகளில் இங்கே இருக்கவில்லை. அப்போது செயின்ட் ஜேம்ஸ் டவுன் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளில் குடியிருந்தார்கள். மோர்னிங்சைட் ஹைட்ஸ் பக்கம் புது வீடுகள் எழுந்த பிறகு இங்கே வந்தார்கள். வீடு மாறிய காலத்துக்குள் ஊரோடு பேசும் கருவியும் மாறிவிட்டது. அன்று தமிழ்க் கடையில் வாங்கியது, சுரண்டினால் இரகசிய எண் தெரியும் தொலைபேசி அட்டை. இன்று யாழ்ப்பாணம் புறப்படுமுன், அட்டை எதையும் செருகாமலே கைத்தொலைபேசியில் ஏற்றிக்கொள்வது இ-சிம். முன்னது ஊருக்குப் போக முடியாதவரின் கருவி. பின்னது ஊருக்குப் போகிறவரின் கருவி.

இ-சிம்மை ரோமிங்கின் புதிய வடிவமாகவே பலரும் எண்ணுகிறார்கள். இரண்டுமே வெளிநாட்டில் இணையம் தருவதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் வணிகமாகப் பார்த்தால் ரோமிங் அதற்குத் தூரத்து உறவுதான். இ-சிம்முக்கு நேரடி முன்னோர் அந்த அட்டையே. இந்த உறவைப் புரிந்துகொண்டால், இ-சிம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகும். அட்டைகளை நிறுத்துப் பார்த்து வாங்கிய தலைமுறைக்கு அந்தக் கணக்கு முன்பே கைவந்தது.

இரண்டையும் பிறப்பித்தது மாதக் கடைசியில் வரும் பில் பற்றிய பயம். அட்டை இல்லாமல் வீட்டுத் தொலைபேசியிலிருந்து இலங்கைக்கு நேரடியாக அழைத்தால், பேசிய நிமிடங்களின் விலை பில் வந்த பிறகுதான் தெரியும். கனடிய சிம்மோடு போய்க் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, ரோமிங்கை நிறுத்த மறந்தாலும் அதே நிலைதான். 2013 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கனடாவின் கம்பியற்ற சேவைக் கோவை, பயனரின் சம்மதம் இல்லாமல் ஒரு பில் காலத்தில் ரோமிங் டேட்டாக் கட்டணம் 100 டொலரைத் தாண்டக் கூடாது என்று வரம்பிட்டது. பயம் குறைந்தது, விலை குறையவில்லை. பெரிய நிறுவனங்கள் நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தன. நல்லூர்த் திருவிழா 25 நாள். கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை நின்று பார்க்கப் போகிறவர் அந்த நாட்கட்டணத்தை 25ஆல் பெருக்கிப் பார்த்தால் போதும், இ-சிம்மைத் தேடத் தொடங்கிவிடுவார். அட்டையும் இ-சிம்மும் ஒரே வாக்குறுதியைத் தந்தன: முதலில் கட்டிய காசுக்கு மேல் ஒரு சதமும் போகாது.

இரண்டுக்கும் சொந்தமாக ஒரு கம்பியோ கோபுரமோ கிடையாது. அட்டை நிறுவனம் பிறருடைய கடலடிக் கம்பிகளிலும் செய்மதிகளிலும் நிமிடங்களை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றது. இ-சிம் நிறுவனம் பிறருடைய கோபுரங்களில் டேட்டாவை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கிறது. பெரிய நிறுவனங்கள் தமக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு வைத்திருக்கும் விலைக்கும் வாடிக்கையாளரிடம் கேட்கும் விலைக்கும் இடையே உள்ள பள்ளத்தில்தான் இரண்டும் பிழைக்கின்றன. பள்ளம் ஆழமாக இருந்தால் இவர்களுக்கு வாழ்வு. அது தூர்ந்தால் இவர்களுக்கு வேலையில்லை.

இரண்டுக்கும் கதவு திறந்தது கனடிய ஒழுங்காற்று விதிகளில் நேர்ந்த மாற்றங்களால்தான் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. 1998 அக்டோபர் 1 வரை கனடாவிலிருந்து கடல் கடந்து செல்லும் அழைப்புகள் டெலிகுளோப் என்ற ஒரே நிறுவனத்தின் தனியுரிமையாக இருந்தன. அந்த உரிமை முடிந்தபின் நிமிடத்தின் மொத்த விலை சரிந்தது. அட்டை வணிகத்துக்கு இடம் விரிந்தது. இ-சிம்மின் தொழில்நுட்பத் தரம் 2016இல் வந்தது. 2018இல் ஐபோனிலும் இடம்பிடித்தது. ஆனால் ஒரு நிறுவனத்துக்கென்று பூட்டிய கைத்தொலைபேசியில் அந்நிய இ-சிம் வேலை செய்யாது. 2017 டிசம்பர் 1 முதல் புதுக் கருவிகளைப் பூட்டின்றி விற்க வேண்டும், பழையவற்றைக் கட்டணமின்றித் திறந்து தர வேண்டும் என்று கனடியத் தொலைத்தொடர்பு ஆணையம் விதித்ததால்தான், கனடாவில் வாங்கிய கைத்தொலைபேசி யாழ்ப்பாணத்தில் வேறொரு வலையமைப்பை ஏற்கிறது. அட்டையின் பின்னே ஒரு தனியுரிமையின் முடிவும் இ-சிம்மின் பின்னே ஒரு பூட்டின் முடிவும் இருக்கின்றன.

இனி, கையில் கிடைக்கும் அளவு. அட்டையின் உறையில் பெரிய எழுத்தில் நிமிடங்கள் அச்சாகியிருக்கும். பின்புறம் சிறிய எழுத்தில் இணைப்புக் கட்டணமும், முதல் அழைப்புக்குப் பின் வாராவாரம் கழியும் பராமரிப்புக் கட்டணமும் இருக்கும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2008இல் அட்டை நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தபோது, சோதித்த அட்டைகள் விளம்பரப்படுத்திய நிமிடங்களில் ஏறத்தாழப் பாதியையே தந்தன என்று சொன்னது. இ-சிம்மில் அப்படிக் கள்ளக் கணக்கு அரிது. வாங்கிய ஜிகாபைட் வந்து சேர்கிறது. ஆனால் சிறு எழுத்து ஒழியவில்லை. பெரும்பாலும் உள்ளூர் வலையமைப்பைத் தொட்ட கணத்தில் நாட்கணக்கு தொடங்கும். நாள் முடிந்தால் மிச்சம் அழியும். வரம்பற்றது என்று விற்பதில் பல, நாளொன்றுக்கு ஓர் அளவைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடும். அட்டையை ஒரே மூச்சில் பேசி முடித்தவருக்கு இலாபம், பிரித்துப் பிரித்துப் பேசியவருக்கு நட்டம். இ-சிம்மைக் குறுகிய பயணத்துக்கு வாங்கியவருக்கு இலாபம், மாதக்கணக்கில் தங்கியவருக்கு நட்டம். சேமித்து வைப்பவரைத் தண்டிக்கும் குணம் இரண்டிலும் ஒன்றே.

மிக ஆழமான உறவு, போகும் பாதையில் இருக்கிறது. பழைய அட்டை அழைப்புகளில் சில ஊருக்குள் குறுக்கு வழியால் நுழைந்தன. அழைப்பு இணையத்தின் வழியே இலங்கைக்குப் போய், அங்கே யாரோ ஒருவர் பெட்டி நிறையச் செருகி வைத்திருந்த உள்ளூர் சிம்களில் ஒன்றிலிருந்து மறு அழைப்பாகக் கிளம்பும். கனடாவில் இருக்கும் மகனின் அழைப்பு, தாயின் திரையில் முன்பின் தெரியாத இலங்கை எண்ணாகத் தெரியும். வெளிநாட்டு அழைப்புக்குரிய கட்டணத்தையும் வரியையும் தவிர்க்கச் செய்த வேலை அது. இலங்கையில் அது குற்றம். இ-சிம்மில் நடப்பது இதன் தலைகீழ். பயண இ-சிம்கள் பலவற்றின் டேட்டா, யாழ்ப்பாணத்துக் கோபுரத்தில் ஏறினாலும் இணையத்துக்குள் இறங்குவது சிங்கப்பூர் போன்ற மூன்றாம் நாட்டில். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் நிற்பவரை, ரொறன்ரோவிலுள்ள அவருடைய வங்கி சிங்கப்பூரில் இருப்பவராகக் காண்கிறது. சந்தேகப்பட்டுக் கணக்கைப் பூட்டவும் செய்யலாம். அன்று கனடாக்காரர் உள்ளூர்க்காரராகத் தோன்றினார்; இன்று ஊரில் நிற்பவர் மூன்றாம் நாட்டவராகத் தோன்றுகிறார். இது சட்டத்துக்கு உட்பட்ட ஏற்பாடு, அது சட்டத்துக்குப் புறம்பானது. ஆனாலும் பேசுகிறவர் நிற்கும் இடத்தை மறைத்துக் காட்டுவதில் இரண்டும் ஒன்று.

பாதை நீண்டால் காலமும் நீளும். செய்மதி வழியே போன அட்டை அழைப்பில், சொன்னது 36,000 கிலோமீற்றர் மேலே போய்க் கீழே வர ஏறத்தாழக் கால் வினாடி பிடித்தது. பதில் வர இன்னொரு கால் வினாடி. பேச்சு மோதிக்கொள்ளும், இருவரும் நிறுத்துவார்கள், இருவரும் மறுபடி தொடங்குவார்கள். இ-சிம்மின் சிங்கப்பூர்ச் சுற்று இவ்வளவு நீளமில்லை. என்றாலும் கொழும்பில் இருக்கும் ஒரு சேவையைத் திறக்கக்கூடத் தகவல் கடல் கடந்து போய்த்தான் திரும்புகிறது.

இந்தச் சுற்றுப் பாதைக்கு எதிர்பாராத பயனும் ஒன்று உண்டு. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும், 2022 ஏப்ரல் தொடக்கத்தில் பொருளாதார நெருக்கடியின்போதும் இலங்கை அரசு வட்ஸ்அப், முகநூல் முதலியவற்றை முடக்கியது. உள்ளூர் இணைப்புகளுக்கே அத்தகைய தடை பொருந்தும்; வெளிநாட்டில் இறங்கும் டேட்டா பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கும். அரசுகளுக்கு இது பிடிக்காது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. இந்தியா 2024 ஜனவரியில் ஐராலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரண்டு இ-சிம் செயலிகளைத் தன் நாட்டுச் செயலிக் கடைகளிலிருந்து நீக்கச் செய்தது. சென்னையில் கலியாணச் சேலை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போகத் திட்டமிடும் ரூஜ் குடும்பம் கவனிக்க வேண்டிய செய்தி இது. குறுக்கு வழி அழைப்பில் அரசு வருமானத்தை இழந்தது. இ-சிம்மில் ஆளை அடையாளம் காணும் வசதியை இழக்குமோ என்று அஞ்சுகிறது.

ஒற்றுமையைப் போலவே வேற்றுமையும் தெளிவானது. அட்டை என்பது உண்மையில் ஓர் எண் மட்டுமே. ஊத்தை படிந்த பொதுத் தொலைபேசியிலும் அதைப் பயன்படுத்தலாம்; வன்கூவரிலுள்ள சித்தப்பாவுக்கு வாயால் சொல்லியும் கொடுக்கலாம். கனடாவில் வீட்டுத் தொலைபேசியின் உள்ளூர் அழைப்புக்கு நிமிடக் கட்டணம் இல்லாததால், இணைப்பு எண்ணை அழைக்கும் செலவும் கிடையாது. இ-சிம்மும் ஒரு கியூ.ஆர். குறியாக வருவதால் அதையும் எவருக்கும் அனுப்பலாம் என்று தோன்றும். ஆனால் ஒரு கருவியில் ஏறியதும் பெரும்பாலும் அது அங்கேயே தங்கிவிடும். ஏற்றுவதற்கே இணையம் வேண்டும். ஆகவே புறப்படுமுன் வீட்டிலேயே ஏற்றிவிடுவது நல்லது. அட்டை பணத்தைக் கருவியிலிருந்து பிரித்தது. இ-சிம் பணத்தைக் கருவியோடு பிணைத்துவிட்டது. அதனால் அட்டை ஒரு வீட்டுக்குப் பொது, இ-சிம் ஆளுக்கொன்று. நாலு பேர் போனால் நாலு வாங்க வேண்டும், அல்லது ஒருவர் மற்றவர்களுக்கு ஹொட்ஸ்பொட் திறந்துவிட்டு பற்றறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அட்டையில் குரல் மட்டும் உண்டு. பயண இ-சிம்களில் பெரும்பாலானவற்றில் குரல் மட்டும் இல்லை. எண்ணே இல்லாத இணைப்பு அது. வட்ஸ்அப்பில் ரொறன்ரோவுக்கு முகம் பார்த்துக் கதைக்கலாம். ஆனால் நாலு தெரு தள்ளியிருக்கும் பெரியம்மாவின் வீட்டுத் தொலைபேசிக்கு அழைக்க முடியாது. இங்கேதான் விமான நிலைய வருகைக் கூடத்தில் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கும் உள்ளூர் சிம் இரண்டையும் வெல்கிறது. விலையும் குறைவு, எண்ணும் கிடைக்கும். மூன்று வாரத்துக்கு மேல் தங்குகிறவருக்கு அதையே சொல்வேன். இ-சிம்மின் உண்மையான சிறப்பு வேறிடத்தில்: கனடிய சிம்மைக் கழற்றாமல் விட்டுவைக்கலாம். வங்கி அனுப்பும் குறுஞ்செய்திக் குறியீடு அந்த எண்ணுக்குத்தான் வரும். அந்த இணைப்பில் டேட்டா ரோமிங்கை அணைத்து, டேட்டா தானாக மறு சிம்முக்குத் தாவும் வசதியையும் நிறுத்திவிட வேண்டும். இரண்டையும் மறந்தால் நாட்கட்டணம் விழக்கூடும்.

கருவிகளை விட்டு மறுமுனையில் இருந்தவர்களைப் பார்த்தால் தராசு சாய்கிறது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் வெளியுலகத் தொலைபேசித் தொடர்பை இழந்திருந்தது. அட்டையில் நிமிடம் இருந்தாலும் அழைக்க எண் இல்லை. உறவினர் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்து, வெள்ளவத்தை போன்ற இடத்தில் ஒரு கொமியூனிக்கேசன் கடையில் காத்திருக்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணி என்பது கடிதத்தில் முன்பே எழுதியிருக்க வேண்டும். போதாததற்கு, இலங்கையின் கடிகாரமே 1996க்கும் 2006க்கும் இடையில் மாறியிருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்தைக் கைவிடவில்லை. அந்தப் பகுதியிலிருந்து ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வருகிறவர் அரை மணி வித்தியாசத்தையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பற்றாக்குறையை அழகாக்கிப் பேச எனக்கு மனம் வரவில்லை. மரணச் செய்தியை முழுதாகக் கேட்டு முடிக்குமுன், இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று இயந்திரக் குரல் அறிவித்த காலம் அது.

இ-சிம் அந்தக் கொடுமையை நீக்கியிருக்கிறது. பதிலுக்கு அது வேறொன்றைக் கேட்கிறது. கோடையில் ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். ரொறன்ரோ அலுவலகத்தில் காலை பத்து மணிக் கூட்டம் தொடங்கும்போது ஊரில் மாலை ஏழரை. நல்லூரில் மாலைத் திருவிழாக் கூட்டம் இன்னும் கலையாத நேரம். இணைப்பு இருப்பதால் விடுமுறையில் போனவரும் அந்தக் கூட்டத்தில் சேரலாம். சேரலாம் என்பதால் சேரும்படி எதிர்பார்க்கப்படுகிறார். அட்டை ரூஜில் இருந்தவரைச் சில நிமிடம் ஊருக்குக் கொண்டுபோனது; இ-சிம் ஊருக்குப் போனவரை நாள் முழுதும் ரூஜில் வைத்திருக்கிறது.

எதிர்த் திசைப் பயணியும் உண்டு. சுப்பர் விசாவில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க ரூஜுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் அம்மாக்களும் அப்பாக்களும் இந்த ஒப்பீட்டில் எங்கே நிற்கிறார்கள்? டேட்டா அவர்களுக்குப் பிரச்சினை இல்லை, மகள் வீட்டு வைஃபை போதும். அவர்களுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, இலங்கையிலுள்ள அவர்களுடைய வங்கியின் குறியீடு வரும் பழைய எண் காலாவதியாகாமல் இருப்பது. அதற்கு அந்த சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருந்து, அவ்வப்போது ரீலோட் செய்ய வேண்டும். மற்றது, கைத்தொலைபேசி பழகாத ஊர்ச் சகோதரியின் வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பது. அதற்கு இன்றும் உதவுவது அட்டையின் மிச்சம்தான்: இணைப்பு எண்ணை அழைத்து, ஊர் எண்ணைச் சுழற்றும் முற்பணச் சேவை. இப்போது சுரண்ட வேண்டியதில்லை. அழைக்கிறவரின் எண்ணை அது அடையாளம் கண்டுகொள்கிறது. இந்த இரண்டு தேவைகளில் ஒன்றைக்கூடப் பயண இ-சிம் தீர்ப்பதில்லை.