ஓர் இடத்தின் மதிப்பு: சட்டமன்றத்தில் ஜீவா



ஜீவா என்றதும் என்ன நினைவுக்கு வரும்? கம்பனையும் பாரதியையும் மேடைதோறும் பேசியவர், 'தாமரை' இதழைத் தொடங்கியவர் என்று குறிப்பு எழுதுவோம். தொழிலாளர் குடும்பங்களுக்காக நின்று சட்டமன்றம் போனவர் என்பதை ஒரே வரியில் தாண்டிவிடுவோம். அந்த வரியைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம், வாங்க. "ஒரு சட்டமன்ற இடத்தால் உழைக்கிற குடும்பத்துக்கு என்ன ஆகிவிடும்?" என்று வகுப்பில் கேள்வி வந்தால் பதில் சொல்ல உதவும்.

முதலில் பின்னணி. வெள்ளையர் காலத்தில் சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றைப் பார்த்துத்தான் ஓட்டுரிமை கொடுத்தார்கள். 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 215 இடங்கள். அதில் தொழிலாளருக்கென ஒதுக்கியவை ஆறே ஆறு. 1952 தேர்தலில்தான் 21 வயது நிரம்பிய எல்லாருக்கும் ஓட்டு கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சிரமப்படக் கூடாது என்று ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்தார்கள். சீட்டில் எதையும் குறிக்க வேண்டாம். பிடித்த பெட்டியில் போட்டால் போதும்.

அந்தத் தேர்தலில் ப. ஜீவானந்தம் நின்ற இடம் வடசென்னையின் வண்ணாரப்பேட்டை. ஆலை, ரயில்வே, துறைமுகம் என்று உழைப்பவர்கள் நிறைந்த பகுதி அது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதும், திரு.வி.க. அதில் முன்னின்றதும் இதே வடசென்னையில்தான். பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்த ஜீவா, அதற்குள் பலமுறை சிறை கண்டவர். கட்சிக்குத் தடை இருந்தபோது தலைமறைவாக வாழ்ந்தவர். தொழிலாளர் கூட்டங்களுக்கென்றே பாட்டு எழுதியவர். அவர் வென்றார். மொத்தம் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152, கம்யூனிஸ்டுகளுக்கு 62. யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. ராஜாஜி முதல்வரானார்.

இப்போது கணக்குக்கு வருவோம். 1953-இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப்பள்ளிகளில் ஒரு புதிய கல்வித் திட்டத்தைக் கொண்டு வந்தது. பிள்ளைகளுக்குத் தினமும் மூன்று மணி நேரமே பாடம். மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதவில்லை, இதனால் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். எதிர்த்தவர்கள் இதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்றார்கள். சலவைத் தொழிலாளியின் மகன் சலவைக்கும், குயவரின் மகன் சக்கரத்துக்கும் திரும்புவதுதான் கல்வியா என்று கேட்டார்கள். வெளியே திராவிடர் கழகமும் தி.மு.க.வும் போராடின. சட்டமன்றத்தில் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள்.

ஜூலை இறுதியில் வாக்கெடுப்பு. திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. சமமாக நின்றதால் அது நிறைவேறவில்லை. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவின் ஆய்வுக்கு அனுப்பக் கோரிய இன்னொரு தீர்மானம் 139-க்கு 137 என்று நிறைவேறியது. மறு ஆண்டு ராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது.

138-க்கு 138! ஒரே ஒரு இடம் கை மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாணவர்களிடமே கேளுங்கள். ஆனால் தேர்வில், "ஜீவா தனியாளாகத் திட்டத்தை நிறுத்தினார்" என்று எழுதிவிட வேண்டாம். வெளியே மக்கள் போராட்டம், உள்ளே எதிர்க்கட்சிகளின் எண்ணிக்கை, ஆளுங்கட்சிக்குள்ளேயே இருந்த அதிருப்தி என்று மூன்றும் சேர்ந்துதான் அது நடந்தது. அந்த எண்ணிக்கையைத் தந்தவை வண்ணாரப்பேட்டை போன்ற தொகுதிகள்.

அடுத்து வந்த தேர்தல்களில் ஜீவாவுக்கு வெற்றி கிட்டவில்லை. சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் தாம்பரத்தில் குடிசையில்தான் வாழ்ந்தார். 1963 ஜனவரி 18-இல் காலமானார்.

சரி, இது நமக்கு எப்படிப் பொருந்தும்? ஜொகூரின் முதல் மாநிலத் தேர்தல் 1954-இல் நடந்தது. அப்போது குடியுரிமை இல்லாததால் தோட்டப்புறத் தமிழர் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை. 1955 கூட்டரசுத் தேர்தலில்கூட வாக்காளர்களில் இந்தியர் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. இன்று நிலைமை வேறு. 2022 மார்ச் 12 ஜொகூர்த் தேர்தலில் 18 வயதினரும் வாக்களித்தார்கள். ஆயர் ஈத்தாம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் யோங் பெங், செமாராங் என்று இரண்டு சட்டமன்ற இடங்கள் இருக்கின்றன.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்க வேண்டாம். அன்றைய சென்னையில் கல்வி மாநில அரசின் கையில் இருந்தது. நம் நாட்டில் கல்வியும் தொழிலாளர் நலனும் கூட்டரசின் பொறுப்பு. நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் பொறுப்பு. ஆகவே, சட்டமன்றத்துக்கு நிற்பவர் "குறைந்தபட்சச் சம்பளத்தை ஏற்றுவேன்" என்றால், அது அந்த அவையில் முடிவாகிற காரியமில்லை. தோட்டம் துண்டாடப்படும்போது லயத்துக் குடும்பங்களுக்கு வீட்டுமனை, தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் நிலம் என்றால், அதை அங்கேதான் கேட்க வேண்டும். இன்னொன்று, சட்டமன்றத்துக்கு நிற்க வைப்புத்தொகையே 5,000 ரிங்கிட். பதிவான ஓட்டுகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அது திரும்பி வராது. கூலிக்காரர் ஒருவர் தாமே நிற்பது எவ்வளவு கடினம் என்பதும் இதில் தெரிகிறது.

வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள்: ஒரு வேட்பாளரின் வாக்குறுதிகளைக் கரும்பலகையில் எழுதி, எது மாநிலத்தால் முடியும், எது கூட்டரசால்தான் முடியும் என்று மாணவர்களைப் பிரிக்கச் சொல்லுங்கள். அவர்களில் சிலர் அடுத்த தேர்தலிலேயே ஓட்டுப் போடப் போகிறவர்கள்.